பத்து அங்குல ஸ்பீக்கர் எரிந்தது பற்றிய அறிக்கை

1

இது கதையாகத் தொடங்கியது அல்ல. எட்டு வரி அறிக்கையாகத் தொடங்கியது. அதுவும் நானாக ஆசைப்பட்டு உட்கார்ந்ததில்லை. பெரகல சந்திக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருக்கும் சிற்றம்பலம் ஐயா கேட்டார்.

"ஹுமைத், ஸ்பீக்கர் ஏன் எரிஞ்சதெண்டு எழுத்தில தாரும். துரையிட்டக் குடுக்க வேணும். பவர்ஹவுஸில நிக்கிற அந்தப் புது ஆள், பொன்னையா, அவனுக்குப் பத்துச்சீட்டுக் குடுத்து அனுப்பினால்தான் எனக்கு மனம் ஆறும்."

தருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றோடு பதினேழு நாள். அறிக்கை இந்த அளவில் நிற்கிறது:

"1960ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் திகதி மாலை ஏழு மணியளவில், மேற்படி தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அவர்களின் குவாட்டர்ஸில், மின்சாரம் திடீரென உயர்ந்ததால் பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று எரிந்துபோனது. மின்சாரம் உயர்ந்ததற்குக் காரணம்"

[பத்துச்சீட்டு என்பது தோட்டத்தை நடத்தும் துரை ஒருவரை வேலையை விட்டு நிறுத்திக் கொடுக்கும் சீட்டு. சீட்டு ஒருவர் பெயருக்குத்தான் வரும். தொழிலாளர் வரிசை வீடாகிய லயத்தில் அறையைக் காலி செய்வது முழுக் குடும்பமும். பொன்னையாவுக்கு நான்கு பிள்ளைகள். இதை அறிக்கையில் எழுத இடமில்லை.]

"காரணம்" என்ற சொல்லோடு பேனை நின்றுவிட்டது. காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை, முழுக்கத் தெரியும். தெரிந்ததை அப்படியே அறிக்கையாக எழுதினால் இரண்டு பேர் தலை குனிய வேண்டும், அதில் ஒரு தலை என்னுடையது. அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். கதையென்றால் நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

நான் பதுளையில் ரேடியோ திருத்துபவன். கீழே கடை, மேலே படுக்கை. கடையில் எந்நேரமும் ஒன்பது பத்து ரேடியோக்கள் வயிறு திறந்து கிடக்கும், விடிந்தது முதல் அவற்றின் பேச்சும் பாட்டும்தான். கடையைச் சாத்தி எல்லாவற்றையும் அணைத்த பிறகு, என் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசிப்பேன். அப்படி யோசிக்கிற நாட்களில்தான் கதை எழுதுகிறேன். வேறு பெயரில் இரண்டு கதைகள் ஒரு மாத இதழில் வந்திருக்கின்றன.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: "பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மூடுபனி மலையை" வேண்டாம். மலைநாட்டுக் கதையென்றால் மூடுபனியில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. நான் போன அன்றைக்கு நல்ல வெயில்.

இரண்டாவது: "தனிமை என்பது" இதோடு நிறுத்திவிட்டேன். "என்பது" போட்டு வாக்கியம் தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்கே பிடிக்காது.

மூன்றாவது: "சிற்றம்பலத்தின் வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருந்தன." இது பரவாயில்லை. இரண்டும் பிரம்பு நாற்காலிகள், ஸ்பீக்கரைப் பார்த்தபடி போட்டிருக்கும். ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் பழைய பேப்பர் கட்டு. மனைவி கமலாம்பிகை பிள்ளைகளின் படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஐயா பதினொரு வருஷமாக இங்கே தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஆறரையிலிருந்து எட்டு மணி வரை நாதஸ்வர இசைத்தட்டுகள் கேட்டுவிட்டுப் படுக்கிறார். லயத்து ஆட்கள் அந்த வீட்டுப் படி ஏற மாட்டார்கள். மற்ற உத்தியோகத்தர்களோடு அவர் ஒட்ட மாட்டார்.

[சிற்றம்பலம் என்பது நான் வைத்த பெயர். தோட்டத்தின் பெயரையும் அடித்துவிட்டேன். ஸ்பீக்கரின் அளவை மட்டும் மாற்றவில்லை.]

ஒருமுறை அவர் அந்த மாத இதழை என் முன்னால் ஆட்டிக் காட்டி, "இந்தக் கதையை எழுதினவன் தோட்டத்தைப் பக்கத்தால போய்க்கூடப் பாத்திருக்க மாட்டான்" என்றார். அது என் கதை. "எனக்கும் அப்பிடித்தான் பட்டிச்சு ஐயா" என்று சொல்லிவிட்டு ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

3

ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தன் ஊருக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ஐயா அதை வாங்கினார். பழைய மாதிரி. இப்போது வருகிற ஸ்பீக்கர்களின் முதுகில் காந்தம் இருக்கும். இதில் காந்தத்துக்குப் பதிலாகப் பெரியதொரு கம்பிச் சுருள். மின்சாரம் ஓடுகிற வரைக்கும்தான் அது காந்தம், நின்றால் வெறும் இரும்பு. சத்தம் மட்டும் அப்படி இருக்கும். நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

தோட்டத்துக்குச் சொந்த மின்சாரம். ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிப் பவர்ஹவுஸில் டர்பைனைச் சுற்ற வைக்கிறார்கள். தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் இயந்திரங்கள் ஓடும்வரை டர்பைனுக்குப் பாரம் இருக்கும். அவை நின்றதும் பாரம் குறைந்து டர்பைன் வேகமெடுக்கும், வீடுகளில் பல்ப் வெள்ளையாகப் பளிச்சிடும். ஆறு மணிக்குக் கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர்கள் நிற்கும்போது ஒரு தடவை. ஏழு மணிக்குக் கொழுந்து வாட்டுகிற காற்றாடிகள் நிற்கும்போது இன்னொரு தடவை, இதுதான் பெரியது. தண்ணீரைக் குறைக்க ஒரு சக்கரம் இருக்கிறது. அதை யாராவது நின்று சுற்ற வேண்டும்.

1957இல் ஐயாவுக்கு நான் ஒரு காவல் பெட்டி செய்து கொடுத்தேன். உள்ளே ஒரு ட்ரான்ஸ்போமர், ஒரு பல்ப், ஒரு ஃபியூஸ். சின்ன ஏற்றத்தை அது தாங்கும். ஏழு மணி ஏற்றத்துக்கு அது போதாது என்று செய்யும்போதே எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வருஷமாக ஒன்றும் ஆகவில்லை.

"உம்மட பெட்டிதான் காவல். ஒரு பல்ப்கூடப் போகேல்லை, பாத்தீரோ?" என்பார் ஐயா, நான் போகும்போதெல்லாம்.

நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சிரிப்பேன். பெட்டி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஆச்சரியம்தான். கேட்டுப் பார்த்திருக்கலாம், கேட்கவில்லை. பண்டாரவளையில் இரண்டு பேருக்கு அதே பெட்டியைப் பெருமையாகச் சொல்லி விற்றும் இருக்கிறேன்.

4

ஸ்பீக்கர் எரிந்துவிட்டதென்று ஐயாவின் தபால் வந்த மறுநாள் போனேன். வாசலிலேயே எரிந்த அரக்கு வாசனை. ஐயா சவரம் செய்திருக்கவில்லை. நான்கு நாளாக அந்த வீட்டில் சத்தமே இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நோயாளியைப் பாரும்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம். இடையில் விட்டுப் போகிறவர்கள் போகலாம், ஆனால் என் கதையில் இதுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த பகுதி. மின்சாரம் ஏறி ஸ்பீக்கர் ஊமையானால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கால் மணி நேரம் கையை வைக்காதீர்கள், கண்டன்சருக்குள் மிச்ச மின்சாரம் இருக்கும், ஆளையே தூக்கி எறியும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் கூம்புத் தாளின் இரு பக்கமும் வைத்து மெல்ல அழுத்துங்கள். உரசாமல் போய் வந்தால் நல்லது. பிறகு டோர்ச் பற்றரி ஒன்றை எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளிலும் தொட்டுத் தொட்டு எடுங்கள். உயிர் இருந்தால் "டக்" என்று சொல்லும்.

கூம்பு உரசவில்லை. பற்றரியைத் தொட்டேன், கேட்கவில்லை. காதைத் தாளோடு ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன். மிக மெல்லிசாக ஒரு "டக்".

"இருக்கா?" என்றார் ஐயா. குழந்தைக்குக் காய்ச்சல் எப்படியென்று கேட்பதுபோலக் கேட்டார்.

"தொண்டை இருக்கு ஐயா. முதுகுச் சுருள்தான் எரிஞ்சிருக்கு. திரும்பச் சுத்தலாம்."

அவர் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தார். நான் காவல் பெட்டியைத் திறந்தேன். கண்டன்சர் வெடித்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்தபோதே ஃபியூஸ் உருகி எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்க வேண்டும். ஃபியூஸ் ஏன் உருகவில்லை?

ஃபியூஸ் உருகித்தான் இருந்தது, ஸ்பீக்கர் எரிவதற்குச் சில நாள் முன்பே. அதன் மேல் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளை மடித்துச் சுற்றி, நகத்தால் அழகாக அமுக்கி மறுபடி சொருகியிருந்தார் ஒருவர். தோட்டத்தில் ஈயத்தாளால் ஒப்பேற்றாத வேலை இல்லை. ஓட்டைத் தகரம், ஆடுகிற மேசைக்கால், ஜன்னல் இடுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். அன்றைக்கு இசைத்தட்டுக் கேட்காமல் படுக்க ஐயாவால் முடியவில்லை. வேறு ஃபியூஸும் கையில் இல்லை.

ஈயத்தாளை அவர் காணாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது அது மேசையில் இருக்கிறது.

ஆனால் மூன்று வருஷம் உருகாத ஃபியூஸ் அந்த வாரம் மட்டும் ஏன் உருகியது? அதைப் பார்க்கத்தான் பவர்ஹவுஸுக்கு இறங்கினேன்.

5

பொன்னையா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். டர்பைன் இரைச்சலில் அவர் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு வந்து பேசினார். முஸ்லிம் ஆண்களை அங்கே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் என்னங்க நானா செய்யிறது? ஸ்டோர் ரோலரு நின்னா பூட்டிட்டுப் போன்னு தொரை உத்தரவு. ஆறரைக்கு மேல இங்க லைட்டு எரியக் கூடாதாம். ஒம்பது மணிக்கு வாச்சர் வந்து தண்ணிய நிப்பாட்டிக்குவான். ஏழு மணிக்குக் காத்தாடி நிக்கயில இங்க ஆளு இல்லீங்க."

"முன்னாடி இருந்தவர்?"

"வீரய்யாண்ணனா? அவரு காத்தாடி நின்னு, மீட்டரு முள்ளு எறங்குற வரைக்கும் சக்கரத்தப் புடிச்சிக்கிட்டே நிப்பாரு. ஏழரை ஆகும். மூணு வருசம், ஒரு நா தவறுனதில்ல. அதான் அவருக்கு வெனையாப் போச்சு."

"எப்படி?"

பொன்னையா மேலே, கிளாக்கர் வீட்டு ஜன்னலைக் கண்ணால் காட்டினார். "ஸ்டோர் நின்ன பெறகும் பவர்ஹவுஸ்ல லைட்டு எரியுது, ஆளு உள்ள படுத்துத் தூங்குறான்னு ஐயா தொரைக்கு எழுதிட்டாரு. அண்ணன தேயிலச் செடி கவ்வாத்து வெட்ட கீழ் டிவிசனுக்கு மாத்திட்டாங்க. அது ஸ்பீக்கரு எரியறதுக்கு முந்தின வாரம்."

அதாவது, இசைத்தட்டுக் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஐயா, தன் ஸ்பீக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த விளக்கைப் பார்த்து, அதை அணைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். மூன்று வருஷமாக அந்த மனிதருக்குக் கிடைக்க வேண்டிய புகழைச் சிரித்துக்கொண்டு வாங்கிய ஆள் நான்.

6

வீரய்யாவை எழுதுவதில்தான் எனக்குப் பெரிய சிக்கல்.

இப்படி ஒரு ஆள் இருப்பாரா? வாசகர் நம்பமாட்டார். முதல் பிரதியில் அவரைப் பெரிய இசைப் பிரியராக எழுதினேன். ஓடைக்கரையில் நின்று, கண்ணை மூடி, தலையை ஆட்டி... அடித்துவிட்டேன். இரண்டாவது பிரதியில் எஜமான விசுவாசம். அது இன்னும் மோசம், துரைமார் படித்தால் சந்தோஷப்படுவார்கள். கடைசியில் ஆளையே போய்ப் பார்த்தேன். கதை எழுதுகிறவன் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை.

கீழ் டிவிசன் லயத்து வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சக்கரம் பிடித்த கை புதுக் கத்திக்குப் பழகாமல் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டுத் துணி சுற்றியிருந்தது.

"கிளாக்கர் ஐயா வீட்டுப் பாட்டு உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா வீரய்யா?" என்று கேட்டேன்.

"பாட்டுங்களா? டர்பைனு போடுற எரைச்சல்ல பக்கத்துல நின்னு கத்துனாலே கேக்காதுங்க நானா. எங்க லயமும் அந்தப் பக்கம். நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

"அப்ப ஏன் தினமும் நின்னீங்க?"

"ஐயா சொன்னாருங்க."

"எப்ப?"

"அந்தப் பாட்டுப் பொட்டி வந்த வருசம். டோர்ச்சு அடிச்சிக்கிட்டு அவரே எறங்கி வந்தாரு. 'வீரய்யா, காத்தாடி நிக்கயில கரண்டு ஏறுது, கொஞ்சம் பாத்துப் புடி'ன்னாரு. பேரச் சொல்லிக் கூப்புட்டாருங்க." கத்தியை ஓரமாக வைத்தார். "போறப்ப, 'ஒரு நாளைக்கி மேல வா, நீயும் கேட்டுப் பாரு'ன்னாரு."

"போனீங்களா?"

"எந்த நாளுன்னு சொல்லலீங்களே."

"அவர் மறந்திருப்பார்" என்றேன்.

"மறந்திருக்க மாட்டாருங்க. அவருக்கு வேலை சாஸ்தி."

தோட்டத்தில் ஒரு சொல் சொன்னால், மாற்றிச் சொல்லும்வரை அது நிற்கும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்றால் மறு சொல் வரும்வரை அந்த மலைதான். பிடி என்றார், விடு என்று யாரும் சொல்லவில்லை, அதனால் பிடித்தார். வா என்றார், நாள் சொல்லவில்லை, அதனால் போகவில்லை. சொன்னவர் மறுநாளே மறந்துவிட்டார்.

நான் எழும்பும்போது வீரய்யா கேட்டார்: "ஸ்பீக்கரு நல்லாருக்குதுங்களா? பொன்னையாவுக்கு அந்தக் காத்தாடி நேரம் தெரியாதேன்னுதான் ரோசன."

"நல்லா இருக்கு" என்றேன். எரிந்த சுருள் என் பைக்குள் இருந்தது. யார் தன்னை மாற்ற எழுதினார் என்று அவருக்குத் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் அழுதேன். எனக்காகவும்தான் அழுதேன். அந்த வீட்டுக்கு மூன்று வருஷமாகப் போகிறேன், ஒரு தடவையாவது "சும்மா ஒருநாள் வாரும்" என்று எனக்கும் ஐயா சொன்னதில்லை. பழுதானால்தான் அழைப்பு. சில மாதங்களில் ஏதாவது பழுதாகாதா என்று காத்திருந்திருக்கிறேன். வீரய்யாவுக்கு ஒரு அழைப்பாவது இருக்கிறதே என்று பொறாமைகூட வந்தது.

7

சுருளை ஒன்பது நாள் சுற்றினேன். தலைமுடிக் கனமுள்ள கம்பி, பல ஆயிரம் சுற்று, ஒன்று பிசகினாலும் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். நான் வீரய்யாவிடம் சொன்ன பொய்யை உண்மையாக்க வேறு வழி தெரியவில்லை. சுற்றிக்கொண்டே முடிவுகளை யோசித்தேன்.

முதல் முடிவு: "காரணம், ஹுமைத் செய்து கொடுத்த பெட்டி சரியில்லை" என்று எழுதிக் கொடுப்பது. பொன்னையா தப்பிப்பார். என் பெயர் கெடும், கெடட்டும். ஆனால் மறுநாள் ஏழு மணிக்கு யார் சக்கரத்தைப் பிடிப்பது? வீரய்யா கையை வெட்டிக்கொண்டு கவ்வாத்திலேயே இருப்பார். இது பாதி முடிவு.

இரண்டாவது முடிவு: உண்மை தெரிந்த ஐயா கொட்டும் மழையில் கீழ் டிவிசனுக்கு ஓடி, வீரய்யாவின் கையைப் பிடித்து, கண்ணீர் மல்க... இதை இரண்டு பக்கம் எழுதினேன். சினிமாக் கொட்டகையில் கைதட்டுவார்கள். எழுதியவனுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது முடிவு: ஒரு மாலை வீரய்யா தானாகவே மேலே வருகிறார். வேலிக்கு வெளியே இருட்டில் நின்று கேட்கிறார். முதல்முறையாகக் கேட்கிறார். கூப்பிடாத வீட்டுக்குள் போகாமல் திரும்பி இறங்குகிறார். இது எனக்கு மிகவும் பிடித்தது, இதழ் ஆசிரியருக்கும் பிடிக்கும், அச்சில் அழகாக இருக்கும். ஆனால் அவரை இன்னொரு தடவை வெளியில் நிறுத்திவிட்டு நான் நல்ல பெயர் வாங்குவதா? கிழித்துப் போட்டேன்.

8

மற்ற வாசகர்கள் இந்த இடத்தில் இதழை மூடி வைக்கலாம். இதற்குமேல் ஒரே ஒரு வாசகருக்கு.

ஐயா, இதழ் பண்டாரவளைக் கடைக்கு வந்து, அங்கிருந்து தபால்பையில் உங்களிடம் வரும் என்று எனக்குத் தெரியும். கதையைத்தான் முதலில் படிப்பீர்கள் என்றும் தெரியும். பத்து அங்குலம் என்ற இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். கோபம் வந்திருக்கும். தோட்டத்தைப் பக்கத்தால் போய்க்கூடப் பார்க்காதவன் என்று நீங்கள் திட்டிய ஆளும் நான்தான், அதையும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

அறிக்கை இது:

"மின்சாரம் உயர்ந்ததற்குக் காரணம், அதைத் தினமும் பிடித்துக்கொண்டிருந்தவர் அங்கே இல்லாதது. ஃபியூஸ் உருகாததற்குக் காரணம் ஈயத்தாள். பெட்டி எந்தக் காலத்திலும் காவலாக இருக்கவில்லை. பொன்னையா உத்தரவுப்படி நடந்தார்."

இதைத் துரையிடம் கொடுப்பீர்களா, வீரய்யாவைப் பற்றி எழுதிய பழைய கடிதத்தை மாற்றி எழுதுவீர்களா, இரண்டையும் செய்யாமல் என்னைக் கடையில் வந்து உதைப்பீர்களா, எனக்குத் தெரியாது. முடிவு எழுத என்னால் முடியவில்லை. ஏழு மணிக்கு அந்தச் சக்கரத்தை என்னால் பதுளையிலிருந்து பிடிக்க முடியாது. உங்கள் வீட்டுக்கு இன்னொருவரை அழைக்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஸ்பீக்கர் தயார். நேற்றுக் கடையைச் சாத்திவிட்டுப் பாட வைத்துப் பார்த்தேன், மூச்சு இழுப்பது கேட்கிறது. கொண்டுவந்து பொருத்தித் தருகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை. அந்த நாற்காலியிலிருந்து பேப்பர் கட்டை எடுத்துவிடுங்கள். பிறகு, கீழே ஒரு வரியில் இடம் விட்டிருக்கிறேன், மூன்று வருஷத்துக்கு முன்பு நீங்கள் சொல்ல மறந்த நாளுக்கான இடம். பென்சிலாலும் நிரப்பலாம். நிரப்பி, வெட்டி, கீழ் டிவிசனுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

"வீரய்யா, ....................கிழமை மேலே வா."